பல் டாக்டரின் பெட்ரோல் இன்ஜின்

அந்த வீட்டில் அலுமினியச் சாமான் எதையும் நம்பி வெளியில் வைக்க முடியாது. வைத்தால் உருகிவிடும். முதலில் பால் பாத்திரத்தின் மூடி போனது. அடுத்து ஒரு கரண்டி. அப்புறம் காது உடைந்த ஒரு வாணலி. உடைந்ததுதான் என்றாலும் அதைத் தூக்கிப் போடச் சொல்லி வீட்டுக்காரி யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கே என்று கேட்டால், வீட்டுக்காரர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "இன்ஜினோட அடிப்பெட்டிக்குக் கொஞ்சம் பத்தல" என்பார்.

வீட்டுக்காரர் பல் டாக்டர். கடைத்தெருவில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் கிளினிக். குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை, யார் வம்புக்கும் போவதில்லை. இப்படி ஒரு குறையும் இல்லாத ஆளுக்கு எங்கிருந்தாவது ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளத்தானே வேண்டும்? இவருக்கு ஒட்டிக்கொண்டது பெட்ரோல் இன்ஜின். வாங்கி ஓட்டுவதல்ல, சொந்தக் கையால் ஒன்று செய்வது. சர்க்கரை டப்பாவுக்குள் அடங்கிவிடுகிற அளவு. ஒற்றை சிலிண்டர், கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு பிஸ்டன், இரண்டு வால்வு, ஓரத்தில் கனமாக ஒரு சக்கரம். பெட்ரோல் ஊற்றினால் பெரிய இன்ஜின் போலவே வெடித்து ஓட வேண்டும். ஓடி என்ன ஆகும் என்று அவள் ஒருமுறை கேட்டாள். "ஓடும்" என்றார் அவர். அதற்கு மேல் பதில் கிடையாது என்பது அவளுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அவளுக்கு இன்ஜின் மேல் கோபம் இல்லை. அது குடியிருந்த அறை மேல்தான் கண். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தபடி. காலையிலும் சரி, மாலையிலும் சரி, வெயில் எட்டிப் பார்க்காது. வீடு கட்டும்போதே அது அவளுக்கு என்று பேச்சு. எதற்கு என்றால், சும்மா உட்காருவதற்கு.

சிரிக்க வேண்டாம். அவளுக்கு வேலை குடிநீர் அலுவலகத்தில், புகார்ப் பிரிவில். போனை எடுத்தால் ஊர் மொத்தமும் அவள் காதில்தான் இறங்கும். தண்ணீர் வரவில்லை என்று ஒருவர், வந்தது நிற்கவில்லை என்று ஒருவர், தன் வீட்டில் வராத தண்ணீர் எதிர்வீட்டில் வருகிறதே என்று ஒருவர். எல்லாருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் ஒரே குரலில் சொல்வாள். "பதிஞ்சுக்கிட்டேங்க. ஆள் வருவாங்க." சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நாற்காலியில், யார் குரலும் கேட்காமல் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். அவள் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது அவ்வளவுதான்.

அந்த அறைக்குள்தான் ஒருநாள் லேத் வந்து இறங்கியது. மூடிவிட்ட ஒரு பட்டறையிலிருந்து பழைய இரும்பு விலைக்கு வாங்கியது. இரும்பைச் சுழற்றிச் சீவுகிற இயந்திரம். நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். "ஒரு வாரத்துக்கு மட்டும்" என்றார் டாக்டர். அந்த வாரம் முடிவதற்குள் அவருக்கு முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது.

செய்தது அத்தனையும் கிளினிக் சாமானை வைத்துத்தான். பெட்ரோல் போகும் துளையைப் பல் குடையும் ஊசியால் குடைந்தார். பல் அச்சு எடுக்கும் மாவில் அச்செடுத்து, அவளுடைய வாணலியை அதில் ஊற்றினார். பிஸ்டனுக்கு மாட்டும் வளையத்தை வார்ப்பிரும்பில் சீவி, விரித்து மாட்டும்போது ஒடித்து, மறுபடி சீவி, மறுபடி ஒடித்தார். ஒடிந்த வளையம் ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு துக்கம். அந்தத் துக்கத்தை யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ள வேண்டும். மனைவியோ நாளெல்லாம் புகார் கேட்டு வந்தவள். ஆகவே நோயாளிகளிடம் சொன்னார். வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, வால்வு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று ஆரம்பிப்பார். பதில் பேச முடியாத ஆட்கள் தலையை ஆட்டுவார்கள். இந்த ஊரில் எல்லாருக்கும் இன்ஜின் மேல் ஆர்வம் இருக்கிறது என்று டாக்டர் மெய்யாகவே நம்பினார்.

இன்னொரு வழக்கம். எதைப் பார்ப்பதானாலும் அந்தப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடிதான். சோபாவுக்கு அடியில் சாவி விழுந்தால் குனிய மாட்டார், கண்ணாடியை நீட்டுவார். முப்பது வருஷமாக மேல் பல்லைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவர். கண்ணாடியில் இந்தப் பக்கம் தெரிந்தால், கை யோசிக்காமல் அந்தப் பக்கம் போகும். எது நேர், எது தலைகீழ் என்று அவர் கேட்டுக்கொள்வதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று.

ஆனால் மனைவி விஷயத்தில் மட்டும் அவருக்குத் தலைகீழ் நன்றாகத் தெரியும். அவள் இடக்கைக்காரி. அவளுடைய அண்ணன் சின்ன வயதில் வைத்த பெயர் 'லெஃப்ட்டு'. கல்யாணத்தோடு அதையும் சீராகக் கொடுத்துவிட்டார்கள். பூட்டைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டுத் திரும்ப வருவாள், கொடிக்கயிற்றை மற்றவர்கள் சுற்றுவதற்கு நேர் எதிராகச் சுற்றி வைப்பாள். "உனக்கு ஒரு வேலையையும் நேரா செய்ய வராதா?" என்று டாக்டர் கிண்டல் பண்ணுவார். அவளும் அதைப் பதிந்துகொள்வாள்.

கடைசியில் இன்ஜின் முடிந்தது. ஒரு பலகையில் முடுக்கி, பேட்டரி மாட்டி, பெட்ரோல் ஊற்றி, சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி டாக்டர் இழுத்தார். சக்கரம் சுற்றியது. நின்றது. மறுபடி இழுத்தார். அவ்வளவுதான். பொறி வருகிறது, பெட்ரோல் வருகிறது, வால்வு ஏறி இறங்குகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, இன்ஜின் மட்டும் ஓடவில்லை. வாரக்கணக்கில் இழுத்து இழுத்து டாக்டரின் வலது தோள் இறங்கிவிட்டது. பல் பிடுங்கும்போது கை வலிக்கிறது என்று நர்ஸம்மாவிடம் சொல்லும் நிலைமை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அண்ணன் குடும்பத்தோடு வருவார். குளியலறைக் குழாய், பீங்கான் சாமான் விற்கும் கடைக்காரர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பேச்சு. அந்த லேத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. குழாய்க்கு மரை போடத் தோதாக இருக்கும்.

"மாப்ளே, இன்னும் இழுத்துக்கிட்டுதான் இருக்கீங்களா? தெரியாமத்தான் கேக்கறேன், பல்லுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்?"

டாக்டருக்கு எப்போதும் வராத ரோஷம் அன்றைக்கு வந்துவிட்டது. "மச்சான், அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க வரும்போது இது ஓடலைன்னா, லேத்தை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க."

"ஓடிச்சுன்னா?"

"நீங்களே சொல்லுங்க."

அண்ணன் மீசையைத் தடவினார். "இதை எடுத்துடறேன்."

அண்ணி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் அந்த மீசையை எத்தனையோ வருஷமாக எடுக்கச் சொல்லிப் பார்த்துத் தோற்றவள். நம்ம ஆளோ வேறு கணக்கில் இருந்தாள். லேத் போனால் அறை வரும். வாயில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொண்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை அவளுக்கு லீவு. டாக்டர் கிளினிக் போனதும், பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் நுழைந்தாள். எங்கே போட்டால் நன்றாக இருக்கும் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கலாம் என்றுதான். ஜன்னலுக்குப் பக்கத்தில் மேஜை இடித்தது. மேஜை மேல் இன்ஜின். காலையில் அவசரத்தில் போனவர் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டிருந்தார். டேங்கில் பெட்ரோல், சுவிட்ச் கூடப் போட்டபடி. பக்கத்தில் கயிறு.

ஒரு சக்கரமும் ஒரு கயிறும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் எந்த மனுஷருக்கும் கை சும்மா இருக்காது. அவள் கயிற்றை எடுத்தாள், இடது கையால், தனக்கு வாகான பக்கமாகச் சுற்றினாள், இழுத்தாள்.

படபடவென்று வெடித்தது. அவள் அலறிக்கொண்டு நாற்காலி மேல் உட்கார்ந்துவிட்டாள். இன்ஜின் ஓடியது. சந்தேகத்துக்கே இடமில்லாமல், பலகையோடு மேஜையின் விளிம்பை நோக்கி நகர்ந்து நகர்ந்து ஓடியது. நல்லவேளையாக, அவர் பின்னறையில் தனக்குத்தானே பேசிக்கொண்டதில், வேண்டாம் என்றாலும் அவள் காதில் விழுந்தது கொஞ்சநஞ்சமில்லை. பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். நின்றது. அறை முழுக்கப் புகை.

நெஞ்சு அடங்கியதும் அவள் ஒயரை மாட்டி, அவர் சுற்றும் பக்கமாகச் சுற்றி இழுத்தாள். ஒன்றுமில்லை. தன் பக்கமாகச் சுற்றி இழுத்தாள். ஓடியது. விஷயம் இவ்வளவுதானா என்று நின்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நேராகச் செய்யத் தெரிந்தவர் செய்த இன்ஜின் தலைகீழாகத்தான் ஓடுகிறது.

சிரித்து முடித்ததும் புத்தி வேலை செய்தது. வாயைத் திறந்தால் அண்ணன் மீசை போகும், லேத் இங்கேயே இருக்கும், தான் சாகும்வரை கூடத்தில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சைக் கேட்க வேண்டியதுதான். வாயை மூடிக்கொண்டு ஞாயிறுவரை இருந்தால் அறை அவளுக்கு. அவள் ஒன்றும் பொய் சொல்லப் போவதில்லையே. யாரும் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. கயிற்றை இருந்த இடத்தில் வைத்தாள், ஜன்னலைத் திறந்து புகையை விரட்டினாள், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த டாக்டர் நேராகப் பின்னறைக்குத்தான் போனார். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "ஏம்மா, சிலிண்டர் சூடா இருக்கே?"

"வெயில்" என்றாள், குழம்பைக் கிளறிக்கொண்டே.

அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

அதன் பிறகு அவர் பேசுவதே குறைந்துவிட்டது. வியாழனும் வெள்ளியும் கயிறு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கிளினிக்கில் கூட நோயாளிகளிடம் பேசுவதில்லை என்று நர்ஸம்மா போன் பண்ணிச் சொன்னாள். "டாக்டருக்கு உடம்பு சரியில்லையாங்க? பஞ்சை வெச்சிட்டுச் சும்மா நிக்கறாரு. பேஷண்ட்டெல்லாம் பயப்படறாங்க."

சனிக்கிழமை சாயங்காலம் அவள் பின்னறைப் பக்கம் போனாள். கதவு அகலத் திறந்திருந்தது. டாக்டர் தரையில் உட்கார்ந்து லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைப்பிடி ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் போட்டு, பழைய பனியனால் பளபளவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் போகப்போறதை எதுக்கு இப்படித் தேய்க்கறீங்க?"

"போற இடத்துல துரு பிடிச்சு நிக்கக் கூடாதில்ல" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அவளுக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. கரைந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. தனக்கு வேண்டிய ஒரே ஒரு பொருள் கைக்கு எட்டும்போதா இந்த மனுஷர் எண்ணெய்த் துணியும் கையுமாக உட்கார வேண்டும்? போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. சொல்லிவிடலாம் என்று ஒரு நேரம், சொன்னால் முட்டாள் நான் என்று ஒரு நேரம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வெறுங்கையோடு வரவில்லை. கடையின் குட்டி லாரி, சுமை தூக்கும் ஆட்கள், கட்டுவதற்குத் தடிக்கயிறு. லாரியை வாசலில் திருப்பி நிறுத்திவிட்டே உள்ளே வந்தார். அண்ணி மட்டும் அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் பின்னறைக்குப் போய் இன்ஜினுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் இழுத்தார். சக்கரம் சுற்றி நின்றது. பெட்ரோலைக் கூட்டி இழுத்தார், குறைத்து இழுத்தார். நெற்றியில் வியர்வை. அண்ணன் நல்ல மனுஷர், ஜெயிக்கும்போது இரக்கம் காட்டுவார். "போதும் மாப்ளே, தோளைப் பாத்துக்குங்க. நாளைக்குப் பல்லு பிடுங்கணுமில்ல?" என்று சொல்லிவிட்டு ஆட்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஆட்கள் லேத்தை நெருங்கினார்கள்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க. இந்த டப்பா மூடி திறக்க வரல" என்று சமையலறையிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

டாக்டர் போனார். டப்பா எதுவும் இல்லை.

"ஓடலைன்னா அறை எனக்கு" என்றாள் மெதுவாக. "ஓடிச்சுன்னா எனக்கு என்ன?"

"லேத் கிளினிக்குக்குப் போகும். பழைய எக்ஸ்ரே ரூம் காலியாத்தான் கிடக்கு." பதில் பளிச்சென்று வந்தது. "அறை உனக்கு."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். "அண்ணே, ஒரு நிமிஷம். நானும் ஒருதடவை இழுத்துப் பாக்கறேன்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "லெஃப்ட்டு இழுத்து ஓடிச்சுன்னா, மீசை மட்டும் இல்ல, லேத்தை நீ சொல்ற இடத்துல நானே இறக்கி வெச்சிட்டுப் போறேன்."

"பதிஞ்சுக்கிட்டேன்" என்றாள் அவள்.

இடது கையால் கயிற்றைச் சுற்றினாள். "தப்பாச் சுத்தறே, தப்பாச் சுத்தறே" என்று டாக்டர் பதறினார். இழுத்தாள்.

இன்ஜின் வெடித்து ஓடியது. சுமை தூக்கும் ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அண்ணி எழுந்து நின்று கைதட்டினாள். எதற்காகத் தட்டினாள் என்று சொல்லத் தேவையில்லை. அண்ணனின் கை தானாக மீசைக்குப் போனது. டாக்டர் ஓடுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அப்போதுதான் கவனித்தார். சட்டைப் பையிலிருந்து குட்டிக் கண்ணாடியை எடுத்தார், சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் திருப்பினார், மறுபடி பார்த்தார். வால்வைத் தூக்கும் தண்டு அடிப்பெட்டிக்குள் கண்ணுக்கு எட்டாத மூலையில் இருந்தது. கண்ணாடியில் பார்த்துத்தான் பொருத்தினார். வலப்பக்கம் என்று நினைத்து வைத்ததெல்லாம் இடப்பக்கம். ஊரில் இருக்கிற எத்தனையோ மெக்கானிக்குகள் எத்தனையோ தப்புப் பண்ணியிருப்பார்கள். இந்தத் தப்பைப் பண்ணப் பல் டாக்டரால்தான் முடியும்.

"தலைகீழா செஞ்சிருக்கேன்" என்றார்.

"பரவாயில்ல, எனக்கு நேராத்தான் இருக்கு" என்றாள் அவள்.

லேத் அதே லாரியில், அதே தடிக்கயிற்றில், மருந்துக் கடை மாடிக்கு ஏறியது. படி குறுகல். ஆட்களோடு அண்ணனும் ஒரு பக்கம் தோள் கொடுக்க வேண்டியதாயிற்று. இறங்கி வந்ததும் அண்ணி அவரை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை, நேரே முடிதிருத்தகத்துக்குக் கூட்டிப் போனாள்.

அன்று சாயங்காலம் காலி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறுத்தியது. எக்ஸ்ரே ரூம் என்று அவர் எவ்வளவு பளிச்சென்று சொன்னார். யோசித்து வைத்திருந்தவர் சொல்வதைப் போல அல்லவா? நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சனிக்கிழமை கதவைத் திறந்து போட்டு லேத்தைத் துடைச்சீங்களே. அது லேத்துக்காகவா, எனக்காகவா?"

டாக்டர் நாற்காலியை ஜன்னல் ஓரம் போட்டார். மதிலைக் காட்டினார். "இந்த ரூமுக்கு எந்தக் காலத்துல வெயில் வந்திருக்கு?"

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"நீ ஓட்டிட்டேன்னு புதன்கிழமையே தெரியும்" என்றார். "எப்படி ஓட்டினேன்னுதான் தெரியல. கேட்டா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் துடைச்சேன்."

அவளுக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. இத்தனை வருஷமாகச் சாதுவென்று நினைத்த மனுஷருக்குள் இவ்வளவு கள்ளத்தனம் இருப்பது தெரிந்து, சொல்லப்போனால், சந்தோஷமாக இருந்தது. அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

இப்போதெல்லாம் கிளினிக்கில் உள்ளறையிலிருந்து கரகரவென்று சத்தம் கேட்கும்; அது என்ன என்று கேட்க முடியாதபடி நோயாளியின் வாயில் பஞ்சு இருக்கும். இன்ஜின் மட்டும் வீட்டில், கூடத்து அலமாரியில். அந்தத் தண்டைக் கழற்றி நேராக மாட்ட டாக்டருக்கு அரைநாள் வேலை. அது கூட வேண்டாம், கயிற்றை மற்றப் பக்கம் சுற்றினால் அவர் இழுத்தாலும் ஓடும். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கயிற்றைத் தன் பக்கமாகவே சுற்றி, இழுத்து, ஓடவில்லை என்று உச்சுக்கொட்டிவிட்டு, சாத்தியிருக்கும் கதவை வந்து தட்டுகிறார்.

"ஏம்மா, கொஞ்சம் வந்து இழுத்துவிடேன். எனக்கு ஓட மாட்டேங்குது."

உள்ளேயிருந்து போனில் பேசுகிற அதே குரல் வரும்.

"பதிஞ்சுக்கிட்டேங்க. ஆள் வருவாங்க."

டாக்டர் கயிற்றைக் கையில் பிடித்தபடி கதவுக்கு வெளியில் காத்திருப்பார். ஆள் வரும்.